வினைச்சொல் இழந்தபின் எஞ்சுவது யாது?

ஆங்கிலத்தில் 'இரன்' என்றொரு வினைச்சொல் உண்டு. ரகரம் தமிழில் மொழிமுதல் வாராதாகலின் இகரம் முன்னிட்டு எழுதுகின்றோம். ஓடுதல் என்பது அதன் முதற்பொருள். மூன்றே எழுத்தாலாகிய அச் சிறு சொல்லுக்கு ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலியின் தொகுப்பாளர்கள் 2011ஆம் ஆண்டளவில் வகுத்துக் கண்ட பொருள்கள் 645. அவற்றைத் தேர்ந்து தெளிவதற்குப் பீட்டர் கில்லிவர் என்னும் அகரமுதலியர் ஒன்பது திங்கள் உழைத்தார். அவ் வகரமுதலியின் முதற்பதிப்பு 1884 தொடங்கி 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 1989இல் 20 மடலங்களாக இரண்டாம் பதிப்பு வந்தபோது மிக நீண்ட இடம் பெற்றிருந்தது வைத்தற்பொருள் தரும் 'செட்' என்னும் சொல்லே. பின்னர் அதனையும் முந்திக்கொண்டது இந்த ஓடற்சொல்.

இச் செய்தியைக் கேட்டவுடன் நம்மவருள் இரு சாரார் இருவகையாகப் பேசுவர். 'ஒரு சொல்லுக்கு அறுநூறு பொருளா! தமிழுக்கு இவ் வளம் உண்டா?' என்று ஆங்கிலத்தின்முன் கைகட்டி நிற்பர் ஒரு சாரார். 'ஒரு சொல்லையே அறுநூறு இடத்திற்கும் இழுத்தடிக்கும் மொழி வறுமைப்பட்ட மொழி. தமிழிலோ ஒவ்வொன்றிற்கும் தனிச்சொல் உண்டு' என்று மார்தட்டுவர் மற்றொரு சாரார். முன்னது அடிமை மனம். பின்னது ஆராயா மனம். இரண்டாலும் தமிழுக்கு ஆவதொன்றில்லை. ஒரு மொழியார் தம் பழஞ்சொல்லைப் புதுப்பணிகளில் இடையறாது ஏவிவந்தனரா, அன்றி அதனைச் சோம்பிக் கிடக்க விட்டனரா என்பதே நாம் வினவத்தக்க வினா.

ஆங்கிலவன் வாயில் அச் சொல் செய்யும் வேலையைச் சற்றே நோக்குவோம். குதிரை ஓடும், ஆறு ஓடும். இவை நமக்கும் அவனுக்கும் பொது. அதற்கு மேலும் அவனுக்கு மூக்கு 'ஓடும்', குழாய் 'ஓடும்', துணியின் சாயம் 'ஓடும்', அச்சத்தால் குருதி குளிர்ந்து 'ஓடும்'. கடையை அவன் 'ஓடுவான்', இடரை 'ஓடுவான்', காய்ச்சலையுங்கூட 'ஓடுவான்'. செய்தித்தாள் ஒரு செய்தியை 'ஓடும்'. கையிருப்புத் தீர்ந்தால் அது 'வெளியே ஓடும்'. பழைய நண்பனை வழியில் எதிர்பாராது கண்டால் அவனுக்குள் 'ஓடுவான்'. ஒருவனை இழித்துப் பேசினால் அவனைக் 'கீழே ஓடுவான்'. தந்தையின் இயல்பு மகனிடம் காணப்பட்டால் அது குடும்பத்தில் 'ஓடும்'. தேர்தல் வந்தால் அமெரிக்கன் 'ஓடுவான்', ஆங்கிலேயன் 'நிற்பான்'. நாமும் தேர்தலில் நிற்கிறார் என்றே சொல்கிறோம். பேசுவது ஒரே மொழியாயினும் கடலுக்கு இப்பால் நிற்பதும் அப்பால் ஓடுவதுமாக ஒரு வினையை அவர்கள் ஆண்டு வருகின்றனர்.

இத்துணைப் பொருள்கள் விளைந்ததற்குக் கரணியங்கள் உள. முதலாவது, ஆங்கிலத்தில் அச் சொல் வடிவம் மாறாமலே தன்வினையாகவும் பிறவினையாகவும் நிற்கும். ஆறு ஓடுவதற்கும் ஒருவன் ஆலையை ஓட்டுவதற்கும் அவனுக்குச் சொல் ஒன்றே. நமக்கோ ஓடு என்பது தன்வினை. ஓட்டு என்பது பிறவினை. ஆதலின் அவனது ஒரு சொல்லுக்கு நிகராக நாம் இரண்டினைச் சேர்த்து எண்ணல் வேண்டும். இரண்டாவது, வெளியே, உள்ளே, கீழே, மேலே என்னும் பொருள்படும் சிறு சொற்களை வினையின் பின்னே ஒட்டி அவன் புதுப்பொருள் ஆக்குகின்றான். நாம் அவ் வேலையைத் துணைவினையால் செய்கின்றோம். ஓடிப்போதல் வேறு, ஓடிவருதல் வேறு, ஓடியாடி வேலை செய்தல் வேறு, ஓட்டிக்கொண்டிருத்தல் வேறு. மூன்றாவது, பொறிகளின் காலம். கடிகாரமும் தொடர்வண்டியும் நெசவுப்பொறியும் கணிப்பொறியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, அவை இயங்குவதைக் குறிக்க ஆங்கிலவன் புதுச்சொல் தேடி அலையவில்லை. தன் பாட்டனின் ஓடற்சொல்லையே எடுத்து அவற்றின்மேல் ஏற்றினான்.

இனி அச் சொல்லைத் தமிழில் பெயர்க்கப் புகுந்தால் நேர்வது யாது? மூக்கு நமக்கு ஓடாது, ஒழுகும். குழாயில் தண்ணீர் வரும். சாயம் போகும். காய்ச்சல் அடிக்கும். கையிருப்புத் தீரும். குருதி குளிர்ந்து ஓடாது, ஈரக்குலை நடுங்கும். வண்டி ஒருவன்மேல் ஓடாது, ஏறிவிடும். இயல்பு வழிவழி வரும். ஒழுகு, வா, போ, அடி, தீர், நடுங்கு, ஏறு என அவனது ஒரு வினை நிற்குமிடத்தில் நம் வினைகள் எழுவர் நின்று பணி செய்கின்றனர். உலகை ஒவ்வொரு மொழியும் தன்தன் வழியிற் கூறிட்டுக் காண்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இது தெரியாத மொழிபெயர்ப்பாளர் 'நீண்ட ஓட்டத்தில் இத் திட்டம் பயன்தரும்' என்று எழுதுகின்றனர். தமிழ்த்தாய் வயிற்றிற் பிறந்த எவரும் இவ்வாறு பேசார், 'போகப்போகப் பயன் தெரியும்' என்பர், 'நாளடைவில்' என்பர். முயலோடு ஓடி வேட்டைநாயோடும் வேட்டையாடுபவன் என்பது ஆங்கிலப் பழமொழி. நம் சிற்றூர்க் கிழவி அவனைப் 'பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். அமைந்த நீர் ஆழ்ந்து ஓடும் என்பது அவர் வழக்கு. நிறைகுடம் தளும்பாது என்பது நம் வழக்கு. எழுத்தெல்லாம் தமிழாயிருந்தும் எண்ணம் ஆங்கிலமாயிருப்பின் அது தனித்தமிழாகாது. வடசொல்லும் ஆங்கிலச்சொல்லும் நீக்கிவிட்டால் தூய்மை எய்திவிட்டதாக எண்ணும் நம் அன்பர்களும் இதனைக் கருதல் வேண்டும்.

நம் ஓடு என்னும் வினையின் பரப்பு சிறிதன்று. வீட்டின்மேல் வேயும் ஓடும், வேற்றுமை உருபாகிய ஓடுவும் வேறு சொற்கள், அவற்றை விடுக்க. வினையை மட்டும் பார்ப்போம். கொத்தனார் சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது என்கிறார். நெசவாளர் சேலைக் கரையில் சரிகை ஓடுகிறது என்கிறார். உழவர் வேர் ஓடியிருக்கிறது என்கிறார். கடைக்காரர் இந்தத் துணி ஓடாது என்கிறார். கடிகாரம் ஓடுகிறது, பேருந்து ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, பொழுது ஓடமாட்டேன் என்கிறது, பிழைப்பு எப்படியோ ஓடுகிறது. துயரச் செய்தி கேட்டவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. திடுமென விருந்து வந்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறவினையிலோ, ஏர் ஓட்டுவோம், வண்டி ஓட்டுவோம், மாடு ஓட்டுவோம், காலத்தை ஓட்டுவோம், குடும்பத்தை ஓட்டுவோம். வணிகம் படுத்துவிட்டால் ஈ ஓட்டுவோம். இவற்றுள் ஒன்றையேனும் எப் புலவரும் அறையிலமர்ந்து ஆக்கித் தரவில்லை. வயலிலும் தறியிலும் அடுக்களையிலும் அங்காடியிலும் உழைத்தவர் வாயில் இவை தாமே முளைத்தன.

இவ் வினை ஈன்ற பெயர்ச்சொற்களையும் காண்க. ஓட்டம், ஓடை, நீரோட்டம், குருதியோட்டம், எண்ணவோட்டம், தேரோட்டம். புதுத் தேரையோ படகையோ முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பது வெள்ளோட்டம். மட்டைப்பந்தாட்டத்தில் எடுக்கும் எண்ணிக்கையை நம் செய்தித்தாள்கள் ஓட்டங்கள் என்று எழுதுகின்றன. அங்கும் பழஞ்சொல் புதுவேலைக்கு ஏவப்பட்டது. பள்ளி அறிவியல் நூல்களில் மின்னோட்டம் என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது. இதில் ஒரு வியப்பு உண்டு. மின்னோட்டத்தைக் குறிக்க ஆங்கிலவன் ஆளும் 'கரண்டு' என்னும் சொல் அவனுடையதன்று. ஓடுதற்பொருள் தரும் இலத்தீன் வினையினின்று தோன்றிப் பிரெஞ்சு வழியாக அவனிடம் வந்து சேர்ந்தது. அவன் அயலாரிடம் கடன் பெற்ற இடத்தில் நாம் நம் வீட்டு வினையாலேயே பெயர் வைத்துக்கொண்டோம். அங்ஙனமிருந்தும் வகுப்பில் மின்னோட்டம் என்று எழுதும் மாணவன் வீட்டிற்கு வந்ததும் 'கரண்டு போச்சு' என்கிறான். பெயர் போயிற்று; 'போச்சு' என்னும் வினையேனும் தமிழாய் எஞ்சியிருக்கின்றதே என்று ஆறுதல் கொள்ள வேண்டியதாயிற்று.

கண்ணோட்டம் என்னும் சொல்லையும் இங்கு எண்ணுக. திருக்குறளின் 58ஆம் அதிகாரத்திற்கு அதுவே பெயர். பிறர் துன்பத்தைக் கண்டவழிக் கண் அவர்மேல் ஓடுதலின், இரக்கம் என்னும் பண்பிற்குக் கண்ணோட்டம் என்று பெயரிட்டனர் நம் முன்னோர். ஓர் ஓடற்சொல்லால் உள்ளத்தின் ஈரத்தையே குறித்த மக்கள் நாம். இன்றோ ஆங்கிலச் சொல்லொன்றிற்கு நிகராகக் கொண்டு 'அரசியல் கண்ணோட்டம்', 'பொருளியல் கண்ணோட்டம்' என்று நோக்குநிலை என்னும் பொருளிலேயே அதனை வழங்குகின்றோம். பொருள் விரிவது மொழிக்கு இயல்பே. ஆயின் புதுப்பொருள் வந்து குடியேறும்போது பழம்பொருள் வீட்டைவிட்டே வெளியேற்றப்பட்டதுதான் வருந்தத்தக்கது.

இனி ஆங்கிலத்தின் வரலாற்றிலிருந்து நாம் கற்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசும் முறைமன்றும் படையும் பிரெஞ்சுச் சொற்களால் நிரம்பின. பின்னர் இலத்தீனும் கிரேக்கமும் வெள்ளமெனப் புகுந்தன. இன்று ஆங்கில அகரமுதலியின் பெயர்ச்சொற்களுட் பெரும்பகுதி இரவற் சொற்களே. ஆயினும் போதல், வருதல், ஓடுதல், நிற்றல், உண்ணுதல், குடித்தல் என்னும் நாட்செயல்களைக் குறிக்கும் வினைகள் அசையவில்லை. இயக்குதல், மேலாளுதல் என்னும் பொருளில் இலத்தீன வழி வினைகள் பல அவர்களிடம் உள; எனினும் கடை வைத்திருப்பவன் தான் கடையை 'இரன்' செய்வதாகவே சொல்வான். போதற்பொருள் தரும் 'கோ' என்னும் அவர்தம் வினையின் வரலாறு இன்னும் அழகியது. அது தன் பழைய இறந்தகால வடிவை இழந்தது. இழந்தபோது அயன்மொழியிடம் கையேந்தவில்லை. தன் குடியிற் பிறந்த மற்றொரு வினையாகிய 'வெண்டு' என்பதன் இறந்தகால வடிவை எடுத்து அணிந்துகொண்டது. 'வெண்ட்' என்று அவர்கள் இன்று வழங்குவது அதுவே.

ஆங்கிலத்திலும் தூய்மை வேண்டினோர் இருந்தனர். வில்லியம் பார்ன்சு என்னும் பாவலர் 1801இல் தார்செட் வட்டத்தில் பிறந்து 1886இல் மறைந்தார். 1878இல் அவர் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூலுக்கு இலத்தீன வழிச் சொல்லால் பெயரிடாது 'பேச்சுக்கலை' என்னும் பொருள்படத் தம் மொழிச் சொல்லாலேயே பெயரிட்டார். பேருந்தின் முன்னோடியாகிய பொதுவண்டிக்கு இலத்தீனப் பெயர் வழங்கியதைக் கண்டு, அதனை 'மக்கள் வண்டி' எனத் தம் பழஞ்சொற்களால் அழைக்கச் சொன்னார். குழந்தையைக் கிடத்தித் தள்ளும் வண்டிக்கும் தள்ளுவண்டி என்னும் பொருளில் ஒரு சொல் ஆக்கினார். அவர் ஆக்கிய பெயர்களை ஆங்கிலேயர் பெரும்பாலும் ஏற்கவில்லை. இன்றும் அவர்கள் 'பசு' என்று சொல்வது இலத்தீனச் சொல்லின் வாலே. ஆனால் அந்த இலத்தீன வண்டி அவர்தம் தெருவில் அவர்தம் வினையால்தான் ஓடுகிறது. பெயர் அயலதாயினும் வினை அவர்களுடையதாயிருப்பதால் ஆங்கிலம் ஆங்கிலமாக நிற்கின்றது.

நம் நிலை இதற்கு மறுதலை. பேருந்து என்னும் பெயரை நாம் ஆக்கினோம். ஊர்தோறும் பேருந்து நிலையம் என்று பலகை நிற்கின்றது. ஓட்டுநர், நடத்துநர் என்னும் சொற்கள் வண்டிதோறும் எழுதப்பட்டுள்ளன. பார்ன்சு கனவு கண்ட வெற்றி அது. தமிழியக்கம் பெற்ற வெற்றி. ஆயின் அப் பேருந்தில் ஏறியமர்ந்தவன் என்ன பேசுகிறான்? 'வண்டி மூவ் ஆகுது' என்கிறான். 'இசுடார்ட் பண்ணிட்டாங்க' என்கிறான். 'அவர் ஒரு கம்பெனி இரன் பண்றார்' என்கிறான். காலையில் 'வாக் பண்ணினேன்' என்கிறான். ஆங்கிலவன் பெயரை விட்டான், வினையைக் காத்தான். நாம் பெயரை மீட்டுக்கொண்டே வினையைக் கைவிடுகின்றோம்.

இது புதுநோயன்று. மணிப்பவள நடையினர் சென்றான் என்னாது 'பிரயாணம் செய்தான்' என்றனர். புகுந்தான் என்னாது 'பிரவேசித்தான்' என்றனர். திரிந்தான் என்னாது 'சஞ்சரித்தான்' என்றனர். அன்று வடசொல்லோடு ஒட்டியது செய் என்னும் வினை. இன்று ஆங்கிலச் சொல்லோடு ஒட்டுவது பண்ணு என்னும் வினை. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழியக்கம் முன்னதைப் பெரும்பாலும் துரத்திவிட்டது. பின்னதோ முன்னதினும் கொடியது. எங்ஙனமெனின், பெயர்ச்சொல் இரவலாக வருங்கால் அது விருந்தினன் போல் வாயிலில் நிற்கும். ஒரு பொருளின் பெயர் மட்டுமே மாறும். வினை இரவலாக வருங்கால் சொற்றொடரின் முதுகெலும்பே மாறுகின்றது.

ஓடு–ஓட்டு, ஆடு–ஆட்டு, கூடு–கூட்டு, உருள்–உருட்டு, நகர்–நகர்த்து, செல்–செலுத்து, நட–நடத்து எனத் தன்வினையையும் பிறவினையையும் வேரிலிருந்தே வேறுபடுத்தும் நுட்பம் தமிழுக்குரிய செல்வம். 'இரன் ஆகுது, இரன் பண்றான்' என்னும் வழக்கில் அந் நுட்பம் முழுவதும் ஆகு, பண்ணு என்னும் இரண்டே சொற்களுக்குள் ஒடுங்கிவிடுகின்றது. வாக் பண்ணு, இரன் பண்ணு, மூவ் பண்ணு, இசுடார்ட் பண்ணு என்று பேசும் பிள்ளைக்குத் தெரிந்த தமிழ்வினை ஒன்றே ஒன்றுதான், அது பண்ணு. ஆயிரம் வினைகள் வாழ்ந்த வீட்டில் ஒரேயொரு ஏவலாள் எஞ்சியிருப்பது போன்றது அது.

தொல்காப்பியர் இயக்க வினைகளை எத்துணை நுட்பமாக நோக்கினார் என்பதை நினைவுகூர்தல் தகும். வருதலும் தருதலும் தன்மை முன்னிலையிடத்தன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கையிடத்தன என்று அவர் வரையறுத்தார். இன்றும் எழுத்தறியாத தாய்கூட 'என்னிடம் தா', 'அவனிடம் கொடு' என்று அவ் வேறுபாடு தவறாமற் பேசுவதுண்டு. நூல் படியாதவள் நாவில் ஈராயிரம் ஆண்டுகளாக நின்ற இலக்கணம், படித்த பேரன் நாவில் ஒரே தலைமுறையில் அழியுமாயின் அவ் விழப்பை எந்த ஆணையாலும் ஈடுசெய்ய இயலாது.

இன்னுமொன்று. சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் இதனை நன்கறிவர். ஓட்டுநர், நடத்துநர், பெறுநர், அனுப்புநர் என்னும் சொற்கள் எளிதில் நிலைத்தமைக்குக் கரணியம், அவற்றின் அடியிலுள்ள ஓட்டு, நடத்து, பெறு, அனுப்பு என்னும் வினைகள் மக்கள் வாயில் உயிரோடு இருந்தமையே. வினை ஊற்று; பெயர் அதிலிருந்து முகந்த நீர். ஊற்றுக்கண் தூர்ந்தபின் குடத்தை எத்துணை விளக்கி வைத்தாலும் பயன் என்ன? நாளைய அறிவியலுக்குத் தேவையான ஆயிரமாயிரம் பெயர்களை எந்த வினையினின்று ஆக்குவோம்? பண்ணு என்னும் ஒன்றினின்றா?

மொழிஞாயிறு பாவாணர் 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்று, முதற்பகுதி அச்சேறி வருவதைக் காணாமலே 1981இல் மறைந்தார். அப் பகுதி 1985இல் வெளிவந்தது. முழுப்பணி 2011இல் நிறைவெய்தியது. ஆக்சுபோர்டில் ஓடற்சொல்லின் பொருள்களை எண்ணி முடித்த அதே காலத்தில் நமக்கும் ஓர் அகரமுதலி முடிந்தது என்பது பெருமையே. ஆயின் அகரமுதலி சொல்லைப் பதிவு செய்யும், நாவில் ஏற்றாது. ஏற்றவேண்டியவர் பெற்றோரும் ஆசிரியருமே.

எனவே தமிழ்நெஞ்சங்களுக்குச் சொல்லக்கூடியவை மூன்று. ஒன்று, அயற்பெயரொன்று வாய்தவறி வந்தாலும் அயல்வினை வாராமற் காத்துக்கொள்க. பண்ணு, ஆகு என்னும் சொற்கள் ஓர் ஆங்கிலச் சொல்லின் பின்னே வந்து நிற்கக் கண்டால், அவ்விடத்தில் இறந்துபட்ட தமிழ்வினை யாதென்று அக்கணமே வினவி அதனை எழுப்புக. இரண்டு, ஆசிரியர்கள் கிழமைக்கொரு வினையை மாணவர்க்குக் கொடுத்து, அதன் வழக்குகளைப் பாட்டியரிடமும் உழவரிடமும் கொத்தரிடமும் மீனவரிடமும் கேட்டு எழுதிவரச் செய்க. ஓடு, நட, ஏறு, இறங்கு, விழு, எழு என்னும் ஆறு வினைகளே ஓராண்டுப் பாடத்திற்குப் போதும். மூன்று, மொழிபெயர்ப்போர் ஆங்கிலவன் சொன்ன சொல்லைப் பெயர்க்காமல் அவன் குறித்த செயலைப் பெயர்ப்பாராக. அச் செயலுக்கு நம் வினை அங்கே காத்துக்கொண்டிருக்கும்.

அறுநூற்று நாற்பத்தைந்து பொருள் கண்ட சொல்லை நோக்கிப் பொறாமைப்படவும் வேண்டா, இகழவும் வேண்டா. அச் சொல்லை அத்துணை வேலைக்கும் ஏவியவர்கள் அம் மொழியின் பொதுமக்கள். நம் ஓடற்சொல்லை ஏவவேண்டியவர் நாம். பயன்படுத்தாத ஏர் துருவேறும். பேசாத வினை இறந்துபடும். பெயரை மீட்டோம், இனி வினையை மீட்போம். வினை வாழ்ந்தால் தமிழ் வாழும்.